மாலை யாருக்கு, எதற்கு?



கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது மெல்பர்னில் படித்துக்கொண்டிருக்கும் வாசகி ஒருவர் அனுப்பிய கடிதம் இந்த மாதம் முழுக்க என் மேசையிலேயே கிடக்கிறது. வார இறுதிகளில் தாம் போய்வரும் ஒரு சங்கத்தைப் பற்றி எழுதியிருந்தார். அங்கே எல்லாரும் ஐரோப்பாவின் இடைக்கால உடை உடுத்தி வருகிறார்களாம். அரசனும் அரசியும் கொலுவிருக்கிறார்கள். ஒரு பக்கம் கவசம் பூட்டிச் சண்டை நடக்கிறது. இன்னொரு பக்கம் நூல் நூற்கிறார்கள், அந்தக் காலத்துச் சமையற்குறிப்புகளைப் பார்த்து விருந்து ஆக்குகிறார்கள். அன்றைக்கு அரசவையில் ஒரு பெண்மணியைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அவர் சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். எத்தனை ஆண்டுகளாக விருந்து சமைத்தார், யாருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார் என்பதை எல்லார் முன்னிலையிலும் உரக்க வாசித்தார்கள். கையால் எழுதி வண்ணம் தீட்டிய பட்டயத்தை அரசி கொடுத்தார்.

“ஐயா, எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு வருசா வருசம் அவர்தான் அடுப்பு முன்னால் நிற்பார். அவர் பெயரை ஒருநாளாவது ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். இல்லையாம்” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அவர் சொன்ன சங்கத்தின் பெயர் சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம். 1966 மே 1 அன்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற பல்கலைக்கழக நகரில், பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் பெற்ற டயானா பாக்ஸன் தம் வீட்டுக் கொல்லையில் நண்பர்களைக் கூட்டி நடத்திய ஒரு வீரவிளையாட்டு விழாவில் பிறந்தது அது. இன்று உலகத்தை இருபது ராஜ்ஜியங்களாகப் பிரித்துக்கொண்டு இயங்குகிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்தது லோக்காக் ராஜ்ஜியம். 2002-இல் அது தனி ராஜ்ஜியமானது. நம் வாசகி போகும் மெல்பர்ன் கிளைக்கு ஸ்டார்ம்ஹோல்ட் என்று பெயர்.

அரசன் எப்படி வருகிறான் என்று பாருங்கள். கவசமணிந்த வீரர்கள் மோதும் போட்டியில் வெல்பவர் அரசராகிறார். அவர் யாருக்காகக் களமிறங்கினாரோ அவர் உடனரசராகிறார். பெண்ணும் களமிறங்கலாம். வாள் இரும்பல்ல, பிரம்பு. நம் மலைக்காடுகளில் ஓராங் அஸ்லி மக்கள் வெட்டி வந்து விற்கிறார்களே, அந்தப் பிரம்பு. அடி சரியாக விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்வது நடுவரின் வேலை கிடையாது. அடி வாங்கியவர்தான் “விழுந்தது” என்று ஒப்புக்கொண்டு சாய வேண்டும். ஒரு ராஜ்ஜியத்தின் முடியே இந்த நேர்மையின்மேல்தான் நிற்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

முடி சூடியவர் சில மாதங்கள்தான் ஆள்வார். லோக்காக்கில் ஆண்டுக்கு இரண்டு முடிசூட்டு. ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. இறங்கியவரை யாரும் ‘முன்னாள்’ என்று ஓரங்கட்டுவதில்லை. ஒருமுறை ஆண்டவருக்குக் கோமகன் என்ற நிலை. இருமுறை ஆண்டவருக்கு அதற்கும் மேலே, ட்யூக். அந்த மரியாதை ஆயுள் முழுக்க. நம் சங்கங்களில் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள் என்று பல பொதுக்கூட்டங்களில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். இறங்கிய மறுநாளே வணக்கம் சொல்ல ஆளில்லாமல் போகும் என்ற பயம் அதில் பாதி. இறங்கியவருக்கு ஓர் இடம் வைத்துவிட்டால் அந்தப் பயம் தீர்ந்துவிடும்.

இன்னொரு ஏற்பாடு. அரசருக்கு மரியாதை உண்டு, பட்டம் கொடுக்கும் உரிமை உண்டு; கஜானா சாவி கிடையாது. ராஜ்ஜியத்துக்குக் கீழே சிற்றரசு, அதற்குக் கீழே ‘பாரனி’ என்ற வட்டாரங்கள், சிறு ஊர்களில் சிறு கிளைகள். ஒவ்வொரு மட்டத்திலும் நிர்வாகத்துக்கென்று செனஷல் என்ற செயலாளர், கணக்குக்கு ஒருவர், களத்தில் யாருக்கும் காயம் படாமல் பார்த்துக்கொள்ள ஒருவர், பெயர்களையும் சின்னங்களையும் பதிவு செய்ய ஒருவர், கலைகளுக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்கள். இவர்கள் மேலிடத்துக்குத் தவறாமல் அறிக்கை அனுப்ப வேண்டும். சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் செனஷல் கையெழுத்துத்தான் செல்லும். கிரீடம் ஒருவர் தலையிலும் கணக்குப் புத்தகம் இன்னொருவர் கையிலும் இருப்பதால், அரசர் யாராக இருந்தாலும் சங்கம் நடந்துகொண்டே இருக்கிறது.

இனி பட்டங்கள். அரசர் வானத்திலிருந்து யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இன்னார் இன்ன வேலை செய்தார், இவரைக் கவனியுங்கள் என்று எந்த உறுப்பினரும் அரசருக்கு எழுதலாம். பெரும்பாலான பட்டங்கள் அப்படி ஒரு சக உறுப்பினரின் கடிதத்தில்தான் தொடங்குகின்றன. உச்சநிலைப் பட்டங்களுக்கு மட்டும், அதே பட்டத்தை முன்பே பெற்றவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள். போர்த்திறனுக்கு வீரர் பட்டம். வெள்ளைக் கச்சையும் தங்கச் சங்கிலியும் அதற்கு அடையாளம். கலைக்கும் ஆராய்ச்சிக்கும் லாரல். தொண்டுக்குப் பெலிக்கன்; தன் மார்பைக் கொத்தி ரத்தத்தால் குஞ்சுகளுக்கு ஊட்டும் பறவை என்று ஐரோப்பியர் நம்பிய கூழைக்கடாதான் சின்னம். இந்த மூன்றும் ஒரே படி. களத்தில் வென்றவரும், நெசவில் தேர்ந்தவரும், நாற்காலி எடுத்துப் போட்டு, பாத்திரம் கழுவி, கணக்கெழுதிச் சங்கத்தைக் காத்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எந்த நாளில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு ராஜ்ஜியமும் பாதுகாத்து வைக்கிறது.

இவர்கள் நடிப்பது ஐரோப்பியர் வாழ்க்கையை. நாம் வாழும் பகாங் மாநிலத்தில் அப்படியோர் ஏற்பாடு உண்மையாகவே இருந்து, இன்றும் அரண்மனைச் சடங்குகளில் உயிரோடு இருக்கிறது. சுல்தானுக்குக் கீழே நான்கு பெருந்தலைவர்கள். அவர்களுக்குக் கீழே எண்மர். அதற்கும் கீழே பதினறுவர். நால்வரில் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டாரம். பெக்கானுக்கு ஒருவர், செனோருக்கு ஒருவர், தெமர்லோவுக்கு ஒருவர், ஜெலாய்க்கு ஒருவர். ஜெலாய்த் தலைவரின் பட்டம் மகாராஜா பெர்பா ஜெலாய். நம் மலையில் ஓடும் தெலோம் ஆறு கலப்பது அந்த ஜெலாய் ஆற்றில்தான். ஜெலாயும் தெம்பெலிங்கும் சேர்ந்து பகாங் ஆறாகின்றன. வரி வாங்குவதும், வழக்குத் தீர்ப்பதும், ஆள் திரட்டுவதும் இத்தலைவர்கள் கையில் இருந்தன. 1888-இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்தார். வட்டாரத் தலைவர்களின் வருமானமும் அதிகாரமும் ஒவ்வொன்றாகப் போயின. செமந்தான் வட்டாரத்துத் தலைவர் டத்தோ பகாமான் அதைப் பொறுக்கவில்லை. 1891-இல் மூண்ட பகாங் கிளர்ச்சி 1895 வரை நீண்டது. பெயருக்குப் பட்டம் மிஞ்சி, பட்டத்துக்குரிய கடமை பறிக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

பட்டத்தின் மீதான ஆசையும் இங்கே குறைந்தபாடில்லை. சுல்தான் பிறந்தநாளையொட்டிப் பகாங்கில் விருதுப் பட்டியல் வெளியாகிறது. டத்தோ, டத்தோ ஸ்ரீ என்று பெயர்கள் வரும். கூட்டரசு அளவில் டான் ஸ்ரீயும் துன்னும். போலிப் பட்டங்களைக் காசுக்கு விற்பவர்கள் பெருகியதால், விருதுகள் தொடர்பான குற்றங்களுக்கென்றே 2017-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆனால் துன் வீ. தி. சம்பந்தன் என்று சொன்னால் தோட்டத்து முதியவர்கள் இன்னும் கைகூப்புவது அந்தத் ‘துன்’னுக்காக மட்டும் அல்ல. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக நடந்தாரே, அதற்காக. எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஊருக்கே தெரிந்த பட்டம் அது.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய மகன் அல்லது சேவகன், எந்த மாடுகளை மீட்கும்போது விழுந்தான் என்று அதில் எழுதியிருக்கும். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிந்திருக்கிறது என்றால், எழுதி வைத்தவருடைய மனம் எவ்வளவு பெரியது!

தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலும் அந்த மனத்தைப் பார்க்கலாம். 1010-இல் கட்டி முடித்த ராஜராஜன், பெருந்தச்சன் குஞ்சரமல்லனுக்குத் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்து ‘ராஜராஜப் பெருந்தச்சன்’ ஆக்கினான். நாவிதருக்கும் ‘ராஜராஜப் பெருநாவிசன்’ என்று அதே அரசன் பெயர். கோயிலுக்கு வரவழைத்த 400 ஆடல் மகளிரின் பெயர்களும், யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கின்றன. கொட்டுபவர், விளக்கேற்றுபவர், துணி வெளுப்பவர், கணக்கெழுதுபவர் எல்லாருக்கும் பங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. பேரரசின் சுவரில் சலவைத் தொழிலாளிக்கும் இடம் கிடைத்தது.

ஆட்சி முறைக்கு உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளிலிருந்து குடவோலை வழியாக ஆட்களை எடுத்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று வேலையைப் பிரித்தார்கள். பதவி ஓராண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பிறகு வரவே முடியாது. முந்தைய மூன்றாண்டில் பதவி வகித்தவர் பெயரும் குடத்துக்குள் போகாது. அது பிராமணர் ஊர்ச் சபை. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே கதவு திறந்தது. நம் தாத்தா பாட்டிகளில் பெரும்பாலோரை அந்தச் சபை வாசலிலேயே நிறுத்தியிருக்கும் என்பதை மறைத்துவிட்டு அதைப் புகழ எனக்கு விருப்பமில்லை. விதிகள் மட்டும் இன்றைக்கும் எந்தச் சங்கத்துக்கும் பொருந்தும் அளவுக்குக் கூர்மையானவை.

இப்போது நம் மலைக்கு வருவோம். வில்லியம் கேமரன் 1885-இல் அளந்த மலை இது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் அவருக்குத் துணையாக இருந்தார். இந்த இரண்டு பெயரும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. காட்டை அழித்து, சரிவில் கயிறு கட்டி நின்று, குளிரில் நாற்று நட்டவர்களின் பெயர் எங்கே? கங்காணி வழியாக ஆள் சேர்த்த காலத்தின் கடைசிப் பத்தாண்டு அது; 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. கங்காணிக்குத் தன் கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு உண்டு. வருகைக் கணக்குக்காகச் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் எழுதிய பெயர்கள்தாம் நம்மவர்களைப் பற்றிய பதிவு. வந்தார், வரவில்லை, எத்தனை ராத்தல் பறித்தார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது.

திருவிழாவிலும் தோட்டத்துப் பதவி அடுக்கே தொடர்ந்தது. முதல் மாலை தோட்ட மேலாளரான துரைக்கு, அடுத்து எழுத்தரான கிராணிக்கு, பிறகு கங்காணிக்கு. பரிவட்டமும் காளாஞ்சியும் பதவியைப் பார்த்துப் போயின. துரைமார் போனபிறகு அந்த இடத்தில் வந்து அமர்ந்தவர்கள் வேறு. மாலை போகும் வழி மாறவில்லை. இன்று எந்த விழாவுக்குப் போனாலும், பொன்னாடை போர்த்துவதிலேயே முதல் ஒரு மணி நேரம் கழிகிறது. யாருக்கு என்று கேட்டால் விருந்தினர்களுக்கு. எதற்கு என்று கேட்டால் வந்ததற்கு. பின்கட்டில் அண்டாவைக் கிளறிக்கொண்டிருப்பவர் கைதட்டலை மட்டும் கேட்கிறார். எனக்கு இது வேதனையாக இருக்கிறது. சொல்லாமல் விட முடியவில்லை.

இலங்கை மலையக உறவுகளிடம் இதற்கு மாற்றாக ஒன்றைப் பார்க்கிறேன். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அர்ச்சுனன் தபசும் இன்னும் ஆடப்படுகின்றன. மாசியில் காமன் நட்டுவிட்டால் தோட்டமே கூத்தாகிவிடும். பகலெல்லாம் கொழுந்து நிறுத்தவர் இரவில் வளநாட்டு மன்னர். நன்றாக ஆடியவரின் பெயர் தப்பொலியோடு அடுத்த தோட்டம் வரைக்கும் போகும். ‘இன்ன தோட்டத்து ரதி’ என்றே பல வருடம் அழைக்கப்படுவார். செய்த காரியத்தைக் கண்ணால் கண்ட சனங்கள் கொடுக்கும் பட்டம் அது. பெலிக்கனும் லாரலும் வாங்கும் ஆஸ்திரேலியர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே எனக்குத் தூரம் தெரியவில்லை.

நம் தோட்டக் கோயில்களுக்கும் மன்றங்களுக்கும் நிர்வாக அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. சங்கப் பதிவிலாகாவில் பதிந்த சங்கம் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர், ஆண்டுக் கூட்டம், தணிக்கை செய்த கணக்கு எல்லாம் சட்டப்படி உண்டு. அந்தச் சங்கங்கள் சட்டமும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம்தான். பெர்க்லிக் கொல்லையில் அவர்கள் கூடிய அதே ஆண்டு. கணக்குக்குச் சட்டம் இருக்கிறது. நன்றிக்குத்தான் நம்மிடம் நடைமுறை இல்லை. ஆகவே ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கணக்கறிக்கைக்கு அடுத்ததாக, ஓர் அம்சம் சேர்க்கும்படி கோயில் நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு யார் என்ன செய்தார் என்று உறுப்பினர் யார் வேண்டுமானாலும் எழுதித் தரட்டும். செயலாளர் அதை வாசிக்கட்டும். கூட்டக் குறிப்பில் ஏறட்டும். குறிப்பில் ஏறிவிட்டால் அது பதிவு. பேரப்பிள்ளை தேடிவந்தால் கிடைக்கும். தட்டும் மாலையும் வசதிப்படி.

நம் இதழின் பங்குக்கு, அடுத்த மாதத்திலிருந்து ஒரு முழுப் பக்கத்தை இதற்காக ஒதுக்குகிறோம். தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் என்று கேமரன் மலை முழுவதிலிருந்தும், பிறகு மற்ற மாநிலத் தோட்டங்களிலிருந்தும் எழுதுங்கள். எழுதும்போது நான்கு விவரம் அவசியம்: பெயர், தோட்டம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, செய்த வேலை. ‘சிறந்த சமூகத் தொண்டர்’ போன்ற அடைமொழிகளை விட்டுவிடுங்கள். தீமிதிக்குக் குழி வெட்டியவர், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், தமிழ்ப்பள்ளிக் கூரைக்குத் தகரம் சுமந்தவர், நாடகத்தில் பெண் வேடம் கட்டியவர், பிரசவம் பார்த்தவர், பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்தவர் என்று காரியத்தை எழுதுங்கள். இருப்பவராக இருந்தால் அவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு அனுப்புங்கள். போனவராக இருந்தால் குடும்பத்தாரிடம் கேளுங்கள். அவரோடு வேலை செய்த இன்னொருவர் கையெழுத்தும் இருந்தால் நல்லது. புகைப்படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கைப்பிரதியாகவே அனுப்பலாம், எழுத வராதவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்.

மெல்பர்னில் இருக்கும் தங்கைக்குப் பதில் போட்டுவிட்டேன். பாட்டியைப் பற்றி அம்மாவிடம் விசாரித்து எழுதச் சொல்லியிருக்கிறேன். எந்த வருடத்துத் திருவிழாவில் முதலில் அடுப்பு மூட்டினார், எத்தனை படி அரிசி, கூட நின்றவர்கள் யார் யார் என்பதையும் கேட்டிருக்கிறேன். அந்தக் கூட நின்றவர்களின் பெயர்களும் சேர்ந்துதான் முதல் பக்கம் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்